துணிக்குள் ஊசிமுனை

பேகம்பூர் சந்தில் சேக் பரீது நடத்தும் தோல் பட்டறையில் பர்ஹானா பதினெட்டு வருடமாகக் குதிரைகளுக்குத் துணி தைக்கிறாள். சேணத்துக்கு அடியில் விரிக்கிற கம்பளித் துணி அது. பழைய குதிரைப்படை மாதிரியில், மூலைகளில் ஜரிகை வேலையோடு, வெளிநாட்டு அணிவகுப்புகளுக்குப் போகும். பெயர் ஷப்ராக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது ஏதோ குதிரையின் பெயர் என்றே நினைத்திருந்தாள்.

"துருக்கிக்காரன் வார்த்தைம்மா அது. அவன் சாப்ராக்னு சொன்னான். அவனோட சண்டை போட்ட ஹங்கேரிக்காரன் துணியையும் எடுத்துக்கிட்டான், பேரையும் எடுத்துக்கிட்டான். அப்புறம் ஜெர்மன், பிரெஞ்சுனு அம்புட்டுப் படைக்கும் போயிருச்சு" என்று சேக் பரீதுதான் விளக்கினார். அந்தக் காலத்தில் சேணத்துக்கு மேலே போர்த்தி, கைத்துப்பாக்கி மழையில் நனையாமல் காத்தார்களாம். பிறகுதான் சேணத்துக்கு அடியில் போனதாம்.

இத்தனை தெரிந்தும் குதிரை என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். ஆறு வயதில் ஒரு ஜட்கா குதிரை அவள் தோளைக் கடித்துத் தூக்கியிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை ஊசிகளை எண்ணியபோது ஒன்று பாதியாக இருந்தது. முனையைக் காணவில்லை. முந்தின நாள் கரண்ட் போன நேரத்தில் கையில் ஏதோ ஒடிந்தது நினைவுக்கு வந்தது. காந்தத்தால் தரையெல்லாம் துழாவினாள். இல்லை. அன்று தைத்த துணி விடிந்ததுமே சாணார்பட்டிக் குதிரைப் பண்ணைக்குப் போய்விட்டது. அங்கே குதிரை பழக்கும் நாகஜோதி, அளவு சரியா என்று அதை விரித்து ஏறிப் பார்ப்பாள். ஆள் உட்கார்ந்தால் முனை குதிரையின் முதுகில் இறங்கும்.

சேக் பரீது மதுரைக்குப் போயிருந்தார். நாகஜோதி போனை எடுக்கவில்லை. பர்ஹானா ஆட்டோ பிடித்தாள். குதிரை உதறித் தள்ளி, கழுத்து முறிந்து கிடக்கும் நாகஜோதியே வழியெல்லாம் கண்ணில் நின்றாள்.

போய்ச் சேர்ந்தபோது நாகஜோதியின் ஒரு கால் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் இருந்தது.

"ஏறாதம்மா! துணியில ஊசி!"

கத்தலில் குதிரை மிரண்டு சுழன்றது. நாகஜோதி காலை உருவிக்கொண்டு குதித்து, கடிவாளத்தில் தொங்கினாள்.

"கத்தாதீங்கக்கா! எனக்குக் கை ரெண்டும் காலியில்ல. நீங்க வந்து வயித்து வாரைக் கழட்டுங்க!"

"நானா?"

"வேற யாரு இருக்கா? மெதுவா வாங்க."

பர்ஹானா வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே அந்தச் சூடான விலாப்புறத்தை நெருங்கினாள். தோல் துடிப்பது கையில் தெரிந்தது. கொக்கி இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை வார் தளர்ந்தது. சேணமும் துணியும் அவள் மேலேயே சரிந்து விழுந்தன.

கரண்ட் போனபோது தைத்துக்கொண்டிருந்த இடது மூலையை அழுத்திப் பார்த்தாள். விரலில் சுருக்கென்றது. முனை அங்கேதான் உள்நோக்கி நின்றது.

நாகஜோதி குதிரையைக் கட்டிவிட்டு வந்து அதைப் பார்த்தாள். பிறகு, "செத்த நேரம் உக்காருங்கக்கா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு" என்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

பர்ஹானா தானே சேக் பரீதுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"உனக்கும் நாகஜோதிக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார் அவர்.

ஆகவில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள். பின்னால் குதிரை பலமாக மூச்சு விட்டது. எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.