முகம் பார்த்து ஓடும் மோட்டார்

என் கணவர் இறந்த வருஷம்தான், அவருடைய அண்ணன் எங்கள் பொதுப் போர்வெல்லுக்கு முகம் பார்த்து ஓடும் ஸ்டார்ட்டர் மாட்டினார். பெட்டியில் ஒரு கண்ணாடிக் கண் இருக்கும்; தெரிந்த முகம் அதன் முன் நின்றால் மோட்டார் ஓடும். "இனிமே சாவி இல்ல, பட்டன் இல்ல. மிஷின் ஆளப் பாத்தே தெரிஞ்சிக்கும்" என்று பாகூர் முழுக்கப் பீற்றிக்கொண்டார். போரில் எனக்கும் சரிபாதி உரிமை. ஆனால் பெட்டியில் ஏற்றியது அவர் முகத்தை மட்டும்.

கேட்டதற்கு, "ஒனக்கு இன்னாத்துக்குமா? நாந்தான் இருக்கேனே" என்றார். இருந்தார், தன் வீட்டுக்குள். என் முறை வரும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று, "மாமா, வந்து மூஞ்சக் காட்டுங்க" என்று கெஞ்ச வேண்டும். குளித்துவிட்டு வருவார், சாப்பிட்டுவிட்டு வருவார், சில நாள் வரவே மாட்டார். நட்ட நெல் வெளுத்தது. நான் நொந்துபோய் என் நிலத்தை அவருக்கே விற்றுவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஆயுதபூஜை வந்தது. மண்வெட்டி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர் பெட்டியை விடுவாரா? அந்தக் கண்ணிலேயே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்துக் கும்பிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் தன் கரும்புக்குத் தண்ணீர் விட வந்தார். "அடையாளம் தெரியவில்லை" என்றது பெட்டி. தலைத்துண்டை அவிழ்த்தார். விபூதியை அழித்தார். வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். "அடையாளம் தெரியவில்லை." சாமிக்கு வைத்த பொட்டின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. களையெடுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் பொத்தாமலே சிரித்தேன். கம்பெனி ஆளுக்கோ பூஜை லீவு.

"போனக் குடுங்க மாமா, நான் பாக்கறேன்" என்றேன். கொடுத்தார். முகத்தைச் சேர்ப்பதும் எடுப்பதும் அதில்தான். என் முகத்தைச் சேர்த்தேன். அவர் முகத்தை எடுத்தேன். பிறகு முந்தானையால் பெட்டியின் கண்ணைத் துடைத்துவிட்டு எதிரே நின்றேன். மோட்டார் ஓடியது. மடையை என் வயல் பக்கம் திருப்பினேன்.

அவரும் வந்து பெட்டி முன்னால் நின்று பார்த்தார். "எம் மூஞ்சி எங்கமா?" என்றார்.

"கம்பெனி ஆளு வரட்டும் மாமா."

லீவு முடிந்து அந்த ஆள் வந்து இரண்டு முகத்தையும் ஏற்றிவிட்டுப் போனான். இனி நான் யார் வாசலிலும் நிற்க வேண்டாம். ஆனால் நான் மடையைத் திருப்பிய அன்றைக்கு அவர் காய்ந்த கரும்போரம் உட்கார்ந்திருந்தார். பாவமாக இல்லையா என்று களையெடுக்க வந்த ஒருத்தி கேட்டாள். இல்லை. என் வயலின் கடைசி மூலைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.