சிவப்பு நூல் கட்டிய கொத்துகள்

வண்டிப்பெரியாற்றுக்கு மேலே, நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் பின்புறம் ஒரு வெட்சிப் புதர் இருந்தது. நாங்கள் அதை இட்லிப்பூ என்போம். எனக்கு ஒன்பது வயதானபோது அந்தப் புதரால் என் அத்தைக்கு ஒரு வேலை கிடைத்தது. அதே புதரால் அது போயிற்று. போனதற்குக் காரணம் நான்.

அத்தை என் தந்தையின் தமக்கை. மலைச்சரிவில் வழுக்கி விழுந்த பின் கொழுந்துச் சாக்கைச் சுமக்க அவள் முதுகு இடங்கொடுக்கவில்லை. அவ்வேளையில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய வந்த பெண்மணி ஒருவர், எழுதப் படிக்கத் தெரிந்த துணையாள் தேடினார். சில பூங்கொத்துகளை இரவில் வலைப்பையால் மூடிச் சிவப்பு நூலால் கட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு அவிழ்த்து, எந்தப் பூச்சி வருகிறது, எவ்வளவு நேரம் தேன் குடிக்கிறது என்று குறிக்க வேண்டும். மூன்று வாரம் பிழையின்றிச் செய்தால் ஆண்டு முழுவதும் அவளுக்கே அந்த வேலை. அதுவும் உட்கார்ந்து செய்யும் வேலை.

காலை ஆள்கணக்கான பெரட்டு முடிந்து கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் வழியில் நின்று சீண்டுவார்கள்.

"என்ன மதினி, பூச்சிக்கெல்லாம் பெரட்டு எடுத்துப் பேரு கூப்பிட்டாச்சா? யாரும் லீவு இல்லியே?"

"நீதாம்ட்டி லேட்டு. ஒம் பேரத்தான் வெட்டியிருக்கேன்."

பூச்சியின் நாக்கு சுருள்வில் போல் சுருண்டிருக்கும் என்று அத்தைதான் எனக்குக் காட்டினாள். குட்டை நாக்குள்ளவை தரையோரத்து மூக்குத்திப்பூவோடு நின்றுவிடும். இட்லிப்பூவின் நெடுங்குழலில் அடிவரை எட்டுவது பெரிய கரும்பூச்சிக்கே இயலும்.

"கயிறு நீளமுள்ளவனுக்குத்தாம்ட்டி ஆழக்கெணத்துத் தண்ணி" என்றாள்.

எனக்கான கயிறு ஆய்வாளரின் பெட்டியில் இருந்தது. தேனைப் பின்னொரு நாள் அளப்பதற்காக அவர் எங்கள் வீட்டில் பெட்டியோடு விட்டுச்சென்ற மெல்லிய கண்ணாடிக் குழாய்களுள் ஒன்றை எடுத்துப் பூவுக்குள் விட்டேன். தேன் தானாகவே அதில் ஏறியது. மறுநுனியை உறிஞ்சினேன், ஒரு துளிக்கும் குறைவு, ஆனால் இனித்தது. இரவெல்லாம் எந்தப் பூச்சியும் தீண்டாத சிவப்பு நூல் கொத்துகளிலேயே தேன் மிகுதி என்பதையும் விரைவில் கண்டுகொண்டேன். அன்றுமுதல் விடிந்ததும், அத்தை தேநீர் போடும் நேரத்தில், பைகளை அவிழ்த்து உறிஞ்சிவிட்டு மறுபடியும் கட்டிவைத்தேன். ஒரு நாள் குழாயின் நுனி உதட்டைக் கீறியது. கொய்யாக் கிளை பட்டது என்றேன். அத்தை என் உதட்டைச் சற்று நேரம் பார்த்தாள்.

கரும்பூச்சிகள் வந்தன, நாக்கை நுழைத்தன, உடனே பறந்தன. அத்தை கண்டதைக் கண்டபடியே எழுதினாள். தனக்கே விளங்காதபோதும் ஒரு வரியையும் அவள் மாற்றவில்லை.

மூன்றாம் வார முடிவில் ஆய்வாளர் வந்தார். அவர் வருவது தெரிந்திருந்ததால், அன்று ஒரு நாள் மட்டும் நான் புதர்ப்பக்கம் போகவில்லை. அச்சத்தால் வந்த அந்த ஒழுக்கமே அத்தையை வீழ்த்திற்று. எல்லோரும் பார்த்திருக்கக் கரும்பூச்சி வந்தமர்ந்து, பூவுக்குப் பூ நாக்கை இறக்கி, நெடுநேரம் குடித்தது. ஆய்வாளர் ஏட்டைப் புரட்டினார். முதல் சில நாள் தவிர, பக்கந்தோறும் 'உடனே போனது' என்றே இருந்தது.

"சேச்சி, இது பூச்சியப் பாக்காம வீட்டில இருந்து எழுதியதல்லே?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"கண்ணால பாத்ததத்தான் எழுதுனேன், மேடம்."

நாள்தோறும் சீண்டும் பெண்களும் அங்கே நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சாக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம் என் வாய்க்குள் சுருண்டு கிடந்தது. நான் அதை விரிக்கவில்லை.

பெட்டியைத் திரும்பப் பெறும்போது ஒரு குழாய் குறைவதை அவர் கண்டார்.

"நாந்தான் ஒடச்சேன்" என்றாள் அத்தை, நிமிராமல்.

அத்தைக்கு ஏதோ மறதி என்று எண்ணி நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

அடுத்த வாரம் அவள் இடுப்பில் பழந்துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கொழுந்துச் சாக்குடன் மலையேறினாள். அன்று பள்ளியில் என் பென்சில் பெட்டியைத் திறந்தேன். குழாய் நான் ஒளித்த இடத்திலேயே இருந்தது. ஆனால் உதட்டைக் கீறிய நுனியில் ஒரு துணிக் கிழிசல் சுற்றப்பட்டு, சிவப்பு நூலால் முடிச்சிடப்பட்டிருந்தது. கட்டியவர் யார் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. துணி சுற்றிய நுனியால் இனித் தேனை உறிஞ்ச முடியாதே என்பது ஒன்றே அன்று என் வருத்தம்.