அத்தையின் வெட்சிச் செடி

இன்று காலையும் வெட்சியில் ஒரு கொத்தைக் கிள்ளிக் கொண்டையில் செருகிக்கொண்டேன். கணவர் போய் மூன்று வருடம் ஆகிறது. எதிர்வீட்டு அம்மாள் பார்க்காதவள் போலப் பார்த்தாள். பார்க்கட்டும். இதன் தாய்ச்செடி அம்பத்தூரில் என் பிறந்த வீட்டு வாசலில் இருந்தது. அதை நட்டவள் என் அத்தை, அப்பாவின் அக்கா.

வெள்ளைக்காரன் காலம். யுத்தத்துக்காக ஆவடியில் பட்டாளத்துக் கூடாரங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. கல்யாணமான மறு வருடமே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள் அத்தை. எங்கிருந்தோ ஒரு போத்தை ஒடித்துக் கொண்டுவந்து நட்டு, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றியே அதை வளர்த்தாள். வெயிலோ மழையோ, செடி பச்சைப் பசேலென்று நின்று கொத்துக் கொத்தாகச் சிவந்தது. தெருப் பெண்கள் பறித்துப் போவார்கள். என் அம்மாவுக்கும் தினம் அந்தப் பூதான். வளர்த்தவள் மட்டும் அதைத் தலையில் வைக்கக் கூடாதாம். நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஒருநாள் அத்தை வைத்துக்கொண்டாள். அப்பா அரிவாளை எடுத்து வந்து செடியை அடியோடு வெட்டிப் போட்டார். அத்தை அழுவாள் என்று நினைத்தேன். அவளோ மறுநாளும் அரிசித் தண்ணீரைக் கொண்டுபோய் அந்த மொட்டைக் கட்டைக்கு ஊற்றினாள். மழைக்காலத்தில் கட்டையைச் சுற்றித் துளிர் விட்டது. அடுத்த கோடையில் பூத்தது. முதல் கொத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, அப்பா வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்கு வாசலிலேயே போய் நின்றாள்.

“இன்னாக்கா இது? ஊரு சிரிக்காதா?” என்றார் அப்பா.

“சிரிக்கட்டும். செடி இன்னா தாலி கட்டிக்கினா பூக்குது, தம்பி? வெட்டு, இன்னொரு தபா வெட்டு. தண்ணி ஊத்த நான் கீறேன்.”

அப்பா அரிவாளைத் தேடி உள்ளே திரும்பினார். அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். அவரை எதிர்த்து ஒரு நாளும் வாய் திறக்காதவள். அன்றும் அவரிடம் பேசவில்லை. அத்தைக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“ஒங்க கையால எனக்கும் ஒரு கொத்து வெச்சு உடுங்க, அண்ணி.”

அத்தை செடியிலிருந்து இன்னொரு கொத்தைக் கிள்ளினாள். பூ வைத்து முடிக்கும்வரை அப்பா நின்றார். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே போய்விட்டார். அரிவாள் அதன் பிறகு அந்தச் செடிப் பக்கம் போகவில்லை.

நாளை என் பேத்திக்குக் கல்யாணம். “நாளைக்கு ஒருநாள் மட்டும் பூ வேணாமே அம்மா, சம்பந்தி ஊட்டுக்காரங்க பார்ப்பாங்க” என்று மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பார்க்கட்டும். செடியில் இருப்பதிலேயே பெரிய கொத்தை இன்று கிள்ளாமல் விட்டு வைத்திருக்கிறேன்.