கிழமை மாறிய சந்தை

பால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் நான் வீட்டுக்குள் எடுத்ததில்லை. மெல்பேர்னின் டண்டினொங் சந்தையில் இறைச்சிக்காரர் தராசில் விரலை வைக்கிறாரா என்று குனிந்து பார்ப்பேன். என் மனைவி வெட்கப்பட்டு நாலடி தள்ளி நின்றுகொள்வாள். எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்தவன் நான். முன்பின் தெரியாத நாட்டில் யாரையும் நம்பிக் கெட்டுப்போகக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன். கடைசியில் கெட்டுப்போனது நானல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் புவியியல் பகுதியில் எனக்குப் படவரைஞர் வேலை. ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டுவந்து போடும் குறிப்புகளைப் பார்த்து மையில் வரைபடமும் அட்டவணையும் வரைந்து கொடுக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் வெள்ளைக்காரர் அல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் ஜாவாவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர், முப்பது வயதிருக்கும். என்னை 'பாக்' என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல் அது. மத்தியானம் இருவரும் ஒரே மேசையில் சோற்றுப் பெட்டியைத் திறப்போம். அவர் தந்த மிளகாய்ச் சம்பலை மூன்று தரம் மோந்து பார்த்த பிறகுதான் நாக்கில் வைத்தேன். அருமையாக இருந்தது. அப்போதும் இதில் என்ன போட்டிருப்பார் என்றுதான் யோசித்தேன்.

மத்திய ஜாவாவில் ஒரு சின்னச் சந்தை ஊரில் அவர் பல மாதங்கள் தங்கியிருந்தார். அந்த ஊரை அப்படியே எழுத்தில் கொண்டுவருவதுதான் அவருடைய ஆய்வு. நான் அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனாலும் என் பேனா அதன் தெருவெல்லாம் நடந்தது. ஒரே ஒரு பெரிய தெரு. இரண்டு பக்கமும் பலகைக் கதவு போட்ட சீனர் கடைகள். நடுவில் புல்வெளித் திடல், அதில் இரண்டு ஆலமரங்கள். பக்கத்தில் பள்ளிவாசல், அடகுக்கடை, குதிரை வண்டிகள் நிற்கும் இடம். அதற்குப் பின்னால் சந்தை. அரிசிக்கு ஒரு வரிசை, பனைவெல்லத்துக்கு ஒரு வரிசை, பாய்க்கும் துணிக்கும் ஒரு வரிசை, ஆற்றங்கரையில் மாடுகள். மலைக்கிராமத்துப் பெண்கள் துணித் தூளியில் வெல்லத்தை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி வருவார்கள் என்றும், விலை பேசும்போது சத்தமே வராது என்றும் ஓரத்தில் எழுதியிருந்தார். கூரை உடைந்த மூலையில் யார் உட்காருவார் என்பதுகூட இருந்தது.

இவ்வளவு நுணுக்கமாக ஒருவனுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

பிறகு சந்தை நாள் அட்டவணை வந்தது. பெருஞ்சந்தை கூடிய நாட்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி வைத்திருந்தார். முதல் சந்தை செவ்வாய்க்கிழமை. அடுத்தது ஞாயிறு. அதற்கடுத்தது வெள்ளி. பிறகு புதன், திங்கள், சனி. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் சந்தை நாள் என்றால் சந்தை நாள்தான். டண்டினொங்கிலும் செவ்வாய்ச் சந்தை செவ்வாய்க்கிழமைதான் கூடும். கிழமைக்குக் கிழமை ஓடித் திரியும் சந்தைக்குச் சனங்கள் எப்படி வந்து சேருவார்கள்? மனிதர் ஏதோ ஒரு நகரத்து அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தாளை நிரப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய்தான் வரும் என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் அவரை மறுபடி ஆறு மாதம் ஜாவாவுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய இருந்தார்கள். முதல் தரம் அவர் பார்த்தது வெயில்காலத்துச் சந்தை. மழைக்காலத்தையும் பார்த்தால்தான் ஆய்வு முழுமையாகும். அதைவிட, அவர் மெல்பேர்னுக்குத் திரும்பிய பிறகு ஜாவாவில் அவருடைய மனைவிக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். எட்டு மாதக் குழந்தை. அவளுடைய முகத்தை அவர் மேசைக்கு மேலே குத்தி வைத்திருந்த படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பகுதித் தலைவரின் அறைக்குப் போனேன். இந்தோனேசியா பற்றித் தெரிந்த பேராசிரியர் நீண்ட விடுமுறையில் போயிருந்தார். அவருடைய கதிரையில் அப்போது இருந்தவர் கோதுமை ஆராய்ச்சிக்காரர். அட்டவணையை விரித்து, கிழமைகளைப் பென்சிலால் தொட்டுக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "நல்லது செய்தீர்கள்" என்றார். வெளியே வரும்போது நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

வியாழக்கிழமை வீட்டில் மீன் இல்லை.

"இண்டைக்கு அமாவாசை. பருப்பும் கத்தரிக்காயும்தான்," என்றாள் மனைவி. அப்பா செத்த நாளிலிருந்து நான் பிடிக்கும் விரதம் அது. கப்பல் தபாலில் வந்த பஞ்சாங்கத்தைப் பார்த்து அவள்தான் நாளைச் சொல்லுவாள். சாப்பிட்டுக்கொண்டே நான் கண்டுபிடித்த கள்ளத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஒருக்கா செவ்வாயில வருமாம், பிறகு ஞாயிறில வருமாம், பிறகு வெள்ளியாம். எந்த ஊரில அப்பிடிச் சந்தை கூடும்?"

"ஏன், போன அமாவாசை செவ்வாய்க்கிழமை வந்தது. இண்டைக்கு வியாழன். அதை ஆரும் பொய் எண்டு சொல்லேல்லையே."

"அது பஞ்சாங்கம்."

"அவைக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்காதோ? அந்தாளிட்டக் கேட்டனீங்களோ?"

"கேட்டாப் பொய்தானே சொல்லுவார்."

"ஓம், கேக்காமலே பொய்யன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்." அவள் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அட்டவணையை எடுத்தேன். இந்தத் தரம் கிழமையை விட்டுவிட்டுத் தேதிகளுக்கு இடையே விரல் விட்டு எண்ணினேன். ஐந்து நாள். அடுத்தது, ஐந்து நாள். அதற்கடுத்தது, ஐந்து நாள். ஓரிடத்திலும் பிசகவில்லை. தலைவரிடம் ஓடினேன்.

"அப்படியா," என்றார் அவர். "ஆனால் புதன்கிழமையே முடிவு செய்தாயிற்று. அந்த வாய்ப்பை இங்கே பக்கத்தில் கிப்ஸ்லாண்ட் பால்பண்ணைகளைப் பற்றி எழுதுபவருக்குக் கொடுத்துவிட்டோம்."

"நீங்கள் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்களும் ஆசியாக்காரர். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

ஜாவாக்காரரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது, யார் சொன்னார் என்பதும். நான் தவறு செய்துவிட்டேன் என்றேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். தங்களுக்கு ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரம் ஒன்றும் உண்டு என்று பொறுமையாக விளக்கினார். பக்கத்துப் பக்கத்து ஐந்து ஊர்கள் ஆளுக்கொரு நாளை எடுத்துக்கொள்ளும். வியாபாரிகள் ஐந்து ஊரையும் சுற்றி வருவார்கள். அது ஜாவாவில் குழந்தைக்கும் தெரியும் என்பதால் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை என்றார். இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்த ஊரில் முதல் மூன்று மாதம் ஒருவரும் என்னோடு வாய் திறக்கவில்லை," என்றார் பிறகு. "வேவு பார்க்க வந்தவன் என்று நினைத்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, சில வருடங்களுக்கு முன் அங்கே நடந்த கொலைகளில் அவர்கள் பட்டது அப்படி. உங்களுக்கு என்ன காரணம், பாக்?"

வெட்கத்தில் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மழைக்காலச் சந்தையைப் பார்க்காமலே அவர் ஆய்வை எழுதி முடிக்க வேண்டியதாயிற்று. அதற்கு இன்னும் இரண்டு குளிர்காலம் மெல்பேர்னில் இருந்தார். மகள் நடக்கத் தொடங்கிய படமும் தபாலில்தான் வந்தது. என்னோடு பேசாமல் இருக்கவில்லை. காலை வணக்கம் சொல்லுவார், 'பாக்' என்றும் கூப்பிடுவார். மத்தியானம் மட்டும் தன் அறையிலேயே சாப்பிட்டார்.

ஊர் வரைபடத்தை நான் முன்பு எதற்கும் எடுக்காத கவனத்தோடு வரைந்தேன். ஒவ்வொரு வரிசையும், ஆற்றங்கரை மாடுகளும், உடைந்த கூரையும் அவர் எழுதியபடியே வந்தன. முடிந்ததும் அவருக்குச் சொல்லி அனுப்பினேன். அதற்கு முன்னால் நான் கொடுத்த எதையும் அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றி சொல்லிச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்.

அன்றைக்கு வந்தவர் சட்டைப்பையிலிருந்து தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார். என் அளவுகோலைக் கேட்டு வாங்கினார். பெரிய தெருவில் தொடங்கி, ஒவ்வொரு கோடாக, அளந்து பார்த்தார்.