டூலன் வைத்த நோன்பு

என் ஊறுகாய்க் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த செலிக் பெர்ல்மட்டர் பதினோரு வருடம் குத்துச்சண்டை போட்டான். வெல்டர்வெயிட் பிரிவு. எடை நூற்று நாற்பத்தேழு பவுண்டைத் தாண்டினால் மேடையேற விடமாட்டார்கள். ஆனால் அவன் அம்மா ஹிண்டா மீன் பொரித்து வைத்தால் அவனால் வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

அவனுடைய மேனேஜர் டூலன் அயர்லாந்துக்காரன், கில்லாடி. எங்கள் யூத நோன்பு நாட்களை விசாரித்து எழுதிக்கொண்டு, ஒவ்வொரு நோன்புக்கும் மறுநாளே சண்டையை வைத்தான். ஜெப ஆலயத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மகன் சின்ன நோன்பைக்கூட விடுவதில்லை என்று ஹிண்டா எங்கள் வைட்சேப்பல் பேட்டை முழுக்கப் பீற்றிக்கொண்டாள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மே மாதத்தில் பட்டத்துக்கான சண்டை வந்தது. அந்த மாதத்தில் நோன்பே கிடையாது. எடையோ மூன்று பவுண்டு அதிகம்.

“அம்மா, இன்னிக்கு நோன்பும்மா,” என்றான் செலிக் சண்டைக்கு முந்தின நாள், தரையைப் பார்த்தபடி.

ஊறுகாய் கொடுக்கப் போயிருந்த நான் வாசலிலேயே சிரித்துவிட்டேன்.

ஹிண்டா மீன் தட்டை மூடினாள். “டூலன் வச்ச நோன்புதானே? இத்தனை வருஷமா நீ எதுக்குப் பட்டினி கிடக்கறேன்னு எனக்குத் தெரியாதாடா? நானும் உன்கூட நோன்பு இருக்கேன். தோத்துட்டு வந்தே, நாளைக்கும் சோறு கிடையாது.”

செலிக் ஜெயித்தான். ஹிண்டா மூன்று தட்டு நிறைய மீன் பொரித்தாள். மூன்றாவது தட்டு டூலனுக்கு. வாசலில் நின்று சிரித்த எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை.