பெயரிடப்படாத சுறா

மீனாய் வந்து மறை மீட்ட பெருமானே, இச்சொற்களில் பொய் புகாமல் காத்தருள்வாய்.

இன்று விஜயதசமி, திருவோணம் கூடிய நன்னாள். தொடங்கியதெல்லாம் துலங்கும் என்பார்கள். நானோ, என் கையால் முடிந்துபோன ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

கட்டைவிரல் நகமளவே இருக்கும் அந்தக் கறுத்த பல். அரியலூர்ப் பக்கம் கடலாயிருந்த காலத்தில் நீந்திய சுறாவுடையது. சுறாவுக்குக் கெட்டி எலும்பில்லை, குருத்தெலும்புதான். உடலெல்லாம் கரைந்துபோகப் பல் மட்டுமே எஞ்சும். பெங்களூர்க் கல்லூரி ஒன்றின் நிலவியல் துறையில் நான் பொருட்காப்பாளனாக இருந்தேன். எங்கள் பேராசிரியர் அவ்வூர்ப் பிரேசர் டவுன் பகுதிக் கிறிஸ்தவர். அரியலூர்க் குழிகளில் அவர் பொறுக்கிய பற்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. அவற்றுள் இந்த ஒன்று மட்டும் எவரும் இதுவரை பெயரிடாத இனம் என்று நம்பினார். ஒவ்வொரு பல்லின் அடியிலும் மசியால் ஒரு சிற்றெண். எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்பதை அந்த எண்ணைக் கொண்டே பதிவேட்டில் காண முடியும். அது எனக்கு அப்போது தெரியாது.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆயுத பூஜைக்காகச் சுத்தியல், உளி, நுண்ணோக்கி அனைத்தையும் துடைத்தேன். பற்களும் அவர் தொழிலுக்குரியவைதாமே? பூஜைப் பாத்திரம் துலக்குவதுபோல் புளியிட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் இட்டு வரிசையாக வைத்தேன்.

பூஜைக்கு வந்த பேராசிரியர் பார்த்துச் சிரித்தார். "என்ன சாமி, சுறாவுக்கும் பொட்டா? இனிமே அது வெஜிடேரியன்தான்!"

ஒன்றை எடுத்துத் திருப்பினார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் திருப்பினார்.

"நம்பர் எங்க சாமி?"

"அழுக்குன்னு நெனச்சு தேய்ச்சிட்டேன் சார்."

"எந்தக் குழின்னு சொல்ல முடியாத பல்லைப் புது இனம்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க" என்றார். பொரியை மறுக்காமல் வாங்கிக்கொண்டு போனார், தின்றாரா, அறியேன்.

அதன்பின் கோடைதோறும் அரியலூர் போனார், அதேபோல் இன்னொரு பல் தேடி. முழங்கால் ஓயும்வரை போனார். கிடைக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற பின் பதிவேட்டைப் புரட்டினேன். "எண்கள் அழிந்தன. கவனக்குறைவு என்னுடையது" என்று எழுதி, கீழே தம் கையெழுத்தை இட்டிருந்தார். அதைத் திருத்தும் துணிவு எனக்கு வரவில்லை.

சென்ற மாதம் அவரை அடக்கம் செய்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு மருத்துவமனையில் என் கையைப் பற்றி, "நீங்களாச்சும் அதுக்கு ஒரு பேர் வெச்சுக் கூப்பிடுங்க சாமி" என்றார், சிரித்தபடி.

வைக்கவில்லை. எனக்கு அந்த உரிமை ஏது? விடியலில் பெருமானின் திருநாமங்களை ஓதும்போது, எங்கோ ஓரிடத்தில் நா நின்றுவிடுகிறது. இருண்ட நீரில் ஏதோ ஒன்று திரும்பி என்னைப் பார்க்கிறது. அது அழைப்புக்குக் காத்திருக்கிறது.

இதை வாசிக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க, என்றும் ஒருவர் இருக்கட்டும்.