வரிசை பார்த்த சுருளிவேல்

வரிசை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் சுருளிவேலுக்குக் கால் தானாக அதன் கடைசியில் போய் நின்றுவிடும். அது எதற்கான வரிசை என்று கேட்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன். அரிசிக்கு வரிசை, கூலிக்கு வரிசை, எடுத்த காயை எடை போட வரிசை, அம்மை ஊசிக்கும் வரிசை. நின்றால் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பது அவன் அனுபவம். ஊசியைத் தவிர மற்றதெல்லாம் நல்லதாகவே கிடைத்திருக்கிறது.

அந்தப் பழக்கம்தான் எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் அவனை எங்கள் முகாமில் கொண்டுவந்து மாட்டிவிட்டது.

மெட்டு ரோட்டின் அடிவாரத்தில், ஓடைக்கரையில் இருக்கிறது எங்கள் முத்தாலம்மன் கோயில். திருவிழா எட்டு நாள். மேலேயிருந்து எஸ்டேட் சனமும், கீழே போடி, சிலமலை, தேவாரம் பக்கத்து விவசாயிகளும் வந்து கூடுவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மதியச் சோறு போடுவது முகாமின் வேலை. தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு, நடுவில் பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று எட்டு நாளும் அங்கேயே கிடப்போம். குளிக்க ஓடை, படுக்க ஏலக்காய்ச் சாக்கு. முதல் நாள் மணமாகத்தான் இருக்கும். போகப் போக அந்த வாசம் பட்டாலே தலை வலிக்கும். காய்கறி நறுக்கும் பெண்களுக்கு நான் பொறுப்பு. சிலமலை குருவம்மாளுக்கு வாய் நீளம் என்று போடி வரைக்கும் பேச்சு உண்டு. வாய் இல்லாமல் அத்தனை பேரை வைத்து வேலை வாங்கிப் பார்க்கட்டும், பிறகு பேசட்டும்.

முகாமில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் நாள் பூசாரி கையில் காப்புக் கட்டுவார். வெறும் மஞ்சள் கயிறுதான். ஆனால் கட்டிவிட்டால் கறி மீன் கூடாது, செருப்புக் கூடாது, கடைசி நாள் காப்பு அவிழ்க்கும்வரை ஓடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மன் கோபித்துக்கொள்வாள். அம்மன் மன்னித்தாலும் ஊர் மன்னிக்காது.

சுருளிவேல் அன்றைக்கு வந்தது விறகு இறக்க. எஸ்டேட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு லோடு விறகு அனுப்பியிருந்தார்கள். ஜீப்பு ஓட்டி வந்த அமாவாசை, திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போடிக்குச் சாமான் வாங்கப் போய்விட்டான். விறகை அடுக்கிவிட்டு நிமிர்ந்த சுருளிவேல் கண்ணில் ஒரு வரிசை பட்டது. அதன் தலைப்பக்கத்தில் சுண்டல் அண்டாவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. போய் நின்றுவிட்டான்.

பூசாரி கையை நீட்டச் சொன்னார். சுண்டலுக்குத்தானே என்று நீட்டினான். கயிற்றைக் கட்டி, விபூதி பூசி, சுண்டலும் கொடுத்தார்கள். அதைத் தின்று முடித்த பிறகுதான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, இது என்னத்துக்குக் கட்டிருக்காக?"

விவரத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"வெள்ளிக்கெழம எனக்குப் பொண்ணு பாக்கப் போகணுமேக்கா."

முதலில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அவன் கதையைக் கேட்டபோது பாவமாகிவிட்டது. வயது முப்பத்து நாலு. வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் போயின. பையன் வாயே திறக்கமாட்டேன் என்கிறான் என்று ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். துண்டு நிலம்கூட இல்லையே என்று இன்னொரு வீட்டில். மற்றொரு வீட்டில் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. இப்போது மெட்டுக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் சந்திரவல்லி என்று ஒரு பெண். அவளுக்கு அப்பா இல்லை; பெரியப்பா உக்கிரபாண்டி வைத்ததுதான் சட்டம். இதுவும் போனால் இனி தனக்காகப் பெண் தேட யாரும் கிளம்பமாட்டார்கள் என்றான்.

கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு ஓடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்பை அறுத்தவனுக்கு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? பூசாரியிடம் கேட்டோம். கட்டியது கட்டியதுதான், அம்மனே கூப்பிட்டிருக்கிறாள் என்று அவர் முடித்துக்கொண்டார். பெண் வீட்டுக்கு அமாவாசையிடம் சொல்லியனுப்பினோம்.

அமாவாசை மறுபடி இறங்கி வந்தபோது முகம் நன்றாக இல்லை.

"பொண்ணு பாக்க வராதவனுக்குப் பொண்ணு எதுக்குன்னு கேக்குறாருக்கா அந்தப் பெரியவரு."

"சாமி காப்பு கையில கெடக்குன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். சுண்டல் வரிசைன்னு நெனச்சு நின்னுட்டான்னும் சொன்னேன்."

"அத எதுக்குய்யா சொன்ன?"

எனக்கு வந்த கோபத்தில் அவனையே திருப்பி அனுப்பினேன். பொங்கல் வைக்கிற நாளில் அம்மனைக் கும்பிட வாருங்கள், மாப்பிள்ளையை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள், பிடிக்கவில்லை என்றால் சாப்பிட்ட சோறாவது மிச்சம் என்று நானே செய்தி சொல்லிவிட்டேன். என்ன நினைத்தாரோ, வருவதாகப் பதில் வந்தது.

இதற்குள் சுருளிவேல் முகாமில் ஒட்டிக்கொண்டுவிட்டான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அதில் முதல் பாதியை எங்கள் போடிக்காரர்கள் பிசகாமல் கடைப்பிடிப்பார்கள். கொட்டகை வாசலில் இடித்துத் தள்ளி முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். வரிசையில் நின்றே பழகிய மலைச் சனம் ஒதுங்கி நின்று, கடைசியில் அடிச்சோறும் தண்ணீர்ச் சாம்பாருமாகச் சாப்பிட்டுப் போகும். அதைப் பார்த்ததும் சுருளிவேல் இரண்டு மூங்கிலைக் கட்டி வழி செய்து அதன் முன்னால் போய் நின்றுவிட்டான். வாயே திறக்கமாட்டான் என்று பெண் வீட்டில் கழித்துவிட்ட ஆள், கடை முதலாளியிடமும் பஞ்சாயத்துக்காரரிடமும் வரிசையின் கடைசியைக் காட்டி "வால் அங்கன இருக்கு" என்று சொல்லத் தொடங்கினான். சத்தம் போடமாட்டான். அதட்டமாட்டான். சொன்னதையே சொல்லிக்கொண்டு நிற்பான். வெயிலில் நிற்கும் வயசாளிகளுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த வருஷத்துக்குப் பிறகு எண்பத்தொன்பது வரைக்கும் அவன் இறங்கி வராமல் எங்கள் முகாமில் பந்தி நடந்ததில்லை.

பொங்கலன்று காலையில் அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை இரவல் வாங்கிப் போட்டுவிட்டேன்.

"இன்னைக்கு நீ வரிசைப் பக்கமே போகக் கூடாது. இந்த வேம்படியில உக்காந்து, வந்தவுகளக் கும்பிட்டு, சிரிச்ச மொகமா இரு. போதும்."

தலையாட்டினான். நானும் நம்பி, பூசணிக்காய் நறுக்கப் போனேன். அன்றைக்குக் கூட்டமென்றால் கூட்டம். சற்று நேரம் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால் வேப்ப மரம் மட்டும்தான் இருந்தது.

அமாவாசையின் ஜீப்பு வந்து நின்றது. முதலில் சரிகைத் துண்டோடு ஒரு பெரியவர் இறங்கினார். உக்கிரபாண்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. பின்னால் அவர் தம்பி மனைவி அன்னக்கொடி, அவள் மகள் சந்திரவல்லி. பெண் வீட்டுக்காரர் அல்லவா, யாராவது வந்து அழைத்துப்போக வேண்டும் என்று பார்த்தார். யாரும் வரவில்லை. நல்ல பசி போலிருக்கிறது. நேரே வரிசையைத் தாண்டி மூங்கில் வாசலுக்குப் போய்விட்டார். நான் கத்தியும் கையுமாக ஓடினேன்.

அதற்குள் சுருளிவேல் கையை நீட்டி மறித்துவிட்டான்.

"பெரியவரே, வால் அங்கன இருக்கு."

"ஏப்பா, நான் யாருன்னு தெரியுமா?"

"பசியோட வந்துருக்கீகன்னு தெரியுது. எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாக."

உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். நான் மூச்சிரைக்கப் போய் அது யார் என்று சொன்னேன்.

"போய்யா, வெரசாப் போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து முன்னால உக்கார வையி. ஒருத்தர விட்டா ஒன்னும் கொறஞ்சு போகாது."

அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

"கைப்புள்ளயோட நிக்கிறாகக்கா. அவுகளுக்கு நான் என்ன சொல்ல?"

"ஒனக்குக் கல்யாணம் வேணுமா வேண்டாமா?"

"வேணும்க்கா" என்றான். கண் கலங்கிவிட்டது. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கணம் அவனை அறைந்திருப்பேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

"கெளம்புங்க, ஜீப்பு நிக்குது" என்று உக்கிரபாண்டி தம்பி மனைவியிடம் சொன்னார். அன்னக்கொடி மகளைத் தேடினாள். சந்திரவல்லி அப்போதே வரிசையின் கடைசியில் போய் நின்றிருந்தாள்.

"ஏ சந்திரா, வா" என்றார் உக்கிரபாண்டி.

"சாப்ட்டு வர்றேன் பெரியப்பா."

"இத்தன பேருக்கு முன்னால என்னய வெரட்டுறான், இங்க ஒனக்குச் சோறு கேக்குதா?"

"அவரு ஒங்கள வெரட்டலையே பெரியப்பா. எல்லாத்துக்கும் சொன்னதத்தான் ஒங்களுக்கும் சொன்னாரு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். ஆனால் நிறுத்தவில்லை. "வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து காயெடுத்துட்டு எடை வரிசையில நிக்கிறேன். கங்காணிக்கு வேண்டியவுக வந்தா என் கூடையத் தள்ளி வச்சுட்டு அவுகளுக்கு மொதல்ல போடுவாக. இருட்டுற வரைக்கும் நின்னுருக்கேன். அந்தப் புள்ள முன்னாலயே நிக்குதேன்னு ஒரு நாகூட ஒருத்தரும் கேட்டதில்ல. இவரு கேப்பாருபோல."

வரிசையில் நின்ற மலைப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். உக்கிரபாண்டி அவளையே பார்த்தார். பிறகு வந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். கோபமும் அதில் ஒன்றோ என்னவோ. சுருளிவேல் எல்லாருக்கும் கொடுப்பதுபோல அவருக்கும் தண்ணீர் கொண்டுபோனான். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. வாங்கிக் குடித்தார்.

அவர்கள் முறை வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். பரிமாற ஆள் பற்றவில்லை என்று சுருளிவேலும் ஒரு ரச வாளியைத் தூக்கிக்கொண்டான். தூரத்து வரிசைக்கே போனான். இந்தப் பக்கம் வரப் பயம். உக்கிரபாண்டி குனிந்த தலை நிமிராமல் சாம்பார் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அன்னக்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். சாதம் கொண்டுவந்த பையனிடம், போதும் என்பதற்கு, மலையாளத்துப் பக்கம் இருந்து பழகிய வாயால் "மதி, மதி" என்றார். பிறகு நிமிர்ந்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"மாப்ளே, ரசம் கொண்டா."

சுருளிவேல் வாளியோடு அப்படியே நின்றான். யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பின்னால் வேறு திரும்பிப் பார்த்தான்.

"ஒன்னயத்தான்யா கூப்புடுறாரு, போ" என்று நான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். சந்திரவல்லி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்குத்தான், வாய்க்காரி என்று பெயர் எடுத்த எனக்கு, அழுகையை அடக்க முடியவில்லை.